நாற்பது நொடிக்கு ஒரு முறை

“அந்தக் கோட்டை அழிச்சிடும்மா. இப்பவே அழி.”

“இன்னாத்துக்கு அழிக்கணும் சம்மந்தி? பழைய படம்னா கோடு வுழத்தான் செய்யும். எம் பொண்ணு ஆசைப்பட்டு...”

“உங்க பொண்ணு ஆசையத்தான் கல்யாணத்துலயே பார்த்தோமே!”

“இன்னா பார்த்தீங்க? பாயசம் கம்மின்னு மூணு ஊருக்குச் சொல்லிக்கினு திரிஞ்சீங்களே, அதையா?”

“அழின்னா அழி!”

இப்படித்தான் தொடங்கியது. இதில் ஒரு சொல்கூட நான் சேர்த்தது இல்லை. நம்பாதவர்கள் இசைவாணியைப் போய்க் கேட்கலாம். அவளும் அந்த அறையில்தான் இருந்தாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருக்கிறது அவள் ஸ்டுடியோ. போன புரட்டாசி, வியாழக்கிழமை, பிற்பகல் 3.10. வெளியே சுள்ளென்று வெயில். எடிட்டிங் அறையில் மட்டும் கறுப்புத் துணி தொங்கவிட்டு இருட்டாக்கி வைத்திருந்தாள். என் மகள் அபிநயாவின் கல்யாண வீடியோவைப் பார்க்க நானும் சம்பந்தி கலையரசியும் போயிருந்தோம். அபிநயா திருக்கோவிலூரில் அவர்கள் வீட்டுக்குப் போய் அன்றோடு இருபத்தொரு நாள்.

வீடியோ கண்ணாடி போலப் பளிச்சென்று இருந்தது. அபிநயாவுக்கு அது பிடிக்கவில்லை. ஃபிலிமில் எடுத்த பழைய படம் போல வேண்டும் என்றாள். இசைவாணிக்கு அதில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் இணையத்தில் எடுத்து ஒட்டுகிற தூசியையும் கீறலையும் தொடமாட்டாள். அந்தந்தக் குடும்பத்திலேயே ஒரு பழைய ஃபிலிம் சுருள் கேட்டு வாங்குவாள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வீடியோவின் மேல் மெல்லிய சல்லாத் துணி போலப் போர்த்துவாள்.

சம்பந்தி பெருமையாகத் தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு டப்பா கொடுத்திருந்தாள். படமே எடுக்காத வெற்றுச் சுருள். நாற்பது நொடிதான் ஓடும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதே தூசி. அதே இடம்.

3.22-க்குப் பந்தலின் கடைசியில், வாசலருகே, நெட்டாக ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. அதைப் பார்த்துத்தான் கலையரசி அப்படிக் கத்தினாள்.

நாற்பது நொடி. மறுபடி கோடு. இப்போது நாற்காலிகளுக்கு நடுவில்.

“நகர்ந்துச்சா இன்னா?”

இசைவாணி திரையருகே குனிந்து பார்த்தாள். “நகரக் கூடாதும்மா. தூசியெல்லாம் அங்கங்கயேதான் கீது. இது மட்டும்...”

நாற்பது நொடி. மேடைப் படியில்.

இசைவாணி நாதசுர ஒலியை நிறுத்தினாள். அறை அடங்கியது. ஆனால் ஸ்பீக்கரில்... சொட்... சொட்... ஈரத்துணியிலிருந்து நீர் வடிவது போல.

“அது இன்னா சத்தம்?”

“சுருள்ல சத்தமே கெடையாதும்மா.”

போர்த்தியிருந்த சுருளை மொத்தமாக நீக்கினாள். தூசி போயிற்று. கீறல்கள் போயின. படம் பளிச்சென்று ஆனது.

கோடு போகவில்லை.

அபிநயாவின் தோளுக்குப் பின்னால் நின்றது.

3.31. கோடு அகலமானது... மெதுவாக... பக்கவாட்டில் நின்றிருந்த ஒருத்தி நம் பக்கம் திரும்புவது போல...

ஈரப் புடவை.

ஒரு கை.

அது என் மகளின் கழுத்தை நோக்கி...

கலையரசி பாய்ந்து ஒயரைப் பிடுங்கினாள். இருட்டு.

சொட்... சொட்...

“மலரு,” என்றாள் அந்த இருட்டைப் பார்த்து. “வேணான்டி.”

“எந்த மலரு?”

“வாய் தவறிடுச்சி. வூட்டுக்குப் போங்க.”

எனக்குத் தெரிந்து ஒரே மலர்தான். அவர்களுடைய மூத்த மருமகள் மலர்விழி. கல்யாணத்துக்கு வரவில்லை. கோபித்துக்கொண்டு கரியாலூரில் தாய்வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள்.

அன்று மாலையே அபிநயாவைத் தியாகதுருகத்துக்கு, என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். 7.40-க்குக் கலையரசி போன் செய்தாள். “நாளைக்குள்ள அவ இங்க வரணும். இல்லன்னா நீங்களே வெச்சிக்குங்க.” அபிநயாவும் புருஷனிடம் போகவேண்டும் என்று அழுதாள். அனுப்பலாமா, கூடாதா? அந்த வீட்டில் மருமகளாக வாழ்ந்தவளைத்தான் கேட்க வேண்டும். விடிந்ததும் கரியாலூர் பஸ் ஏறினேன்.

10.45. அருவிக்குப் போகிற வழியில் மலர்விழியின் அம்மா ஆயம்மாளின் டீக்கடை. சின்ன மருமகளின் அம்மா என்று சொன்னேன். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மலர்விழியைக் கூப்பிடச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

“வாங்கம்மா, வாங்க. ரெண்டு வருஷமா எம் பொண்ணை இங்க அனுப்பவே இல்ல. போன்லகூட பேச வுட மாட்டேன்றாங்க. கேட்டா, வூட்டுல வேலையா இருக்கறாளாம். கல்யாணத்துக்கும் எங்களைக் கூப்புடல. படம் வந்துடிச்சாம்மா? அதுலயாச்சும் எம் மலரு எங்க நிக்கிறான்னு காட்டுங்க...”