எட்டாவது அழைப்பு

கண்ணுகளா, இட்டுக்கட்டிச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஹெப்சிபா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது. சித்திரை வெயிலிலும் அவள் கை சில்லிட்டிருந்தது.

பாளையம்பட்டியில் ஒரு மாடி அறை. அங்கே அவளுக்கு ஆராய்ச்சி வேலை. கணினித் திரையில் ஒரே ஒரு உயிரணுவை விதைப்பாள். அது இரண்டாகும், நாலாகும், புழுப்போல ஓர் உடம்பாகும். அவள் எழுதிய விதி இது: ஒவ்வோர் அணுவும் பக்கத்து அணுவைக் கூப்பிடும். ஏழு தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் செத்துவிடும்.

தை மாதத்தில் ஒருநாள், பகல் 12.10. முதல்முறையாக உடம்பு சிதையாமல் வளர்ந்துகொண்டிருந்தது. போன் அதிர்ந்தது. ‘அண்ணி’ என்று பெயர் வந்தது. ஹெப்சிபா பார்த்தாள்... பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்தாள். விட்டு விட்டு ஏழு அழைப்புகள் வந்து ஓய்ந்தன.

அண்ணி தெரசாள் நிறைமாதக்காரி. நாலு வீடு தள்ளித்தான் இருந்தாள். அண்ணன் ராபின் திருச்சுழிக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்தவளைப் பக்கத்து வீட்டு மாரிக்கனி பார்க்கும்போது மணி இரண்டு. பிள்ளை தங்கவில்லை.

ஹெப்சிபா யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் அதை விழுங்கிக்கொண்டே திரிந்தாள்.

இந்தச் சித்திரையில் ஒருநாள். அன்றும் உச்சிவேளை. போனை அணைத்து மேசையில் வைத்திருந்தாள். திரையில் வளர்ந்த உடம்பின் நடுவில் ஓர் அணு மட்டும் கூப்பிட்டது. சுற்றியிருந்தவை பதில் தரவில்லை.

ஐந்து... ஆறு... ஏழு...

சாகவில்லை.

எட்டு.

ட்ர்ர்ர்...

மேசை அதிர்ந்தது. போன் திரை கறுப்பாகத்தான் இருந்தது.

ஒன்பது. ட்ர்ர்ர்...

கணினியை அணைத்தாள். அணையவில்லை.

“மன்னிச்சிரு...” என்றாள் திரையைப் பார்த்து.

நின்றது.

மணி 12.31.

போனை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்கு ஓடினாள். தெரசாள் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க, கம்ப்யூட்டர்ல புள்ள வளக்குற அம்மா! ஏன்டி இப்படி இரைக்குது?”

“அண்ணி... அன்னிக்கு நீங்க ஏழு தரம் கூப்பிட்டீக. நான் பாத்துட்டேதான் எடுக்கல.”

கடலை உடைக்கும் சத்தம் நின்றது.

“நானா? முந்தின நாளே போனு தண்ணித் தொட்டியில விழுந்து செத்துப்போச்சேடி. உங்க அண்ணன் அரிசிப் பானையில போட்டு வச்சாக. இன்னமும் அதுக்குள்ளதான் கெடக்கு. நான் தொண்டை கிழியக் கத்துனேன். அம்புட்டுத்தான்.”

ஹெப்சிபா தன் போனைத் திறந்து நீட்டினாள். ‘அண்ணி’. ஏழு அழைப்புகள்.

தெரசாள் அதைப் பார்த்தாள். அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

“எடுத்திருக்கலாம்லடி... எம் புள்ள குரலையாச்சும் கேட்டிருக்கலாம்ல?”