துரையின் டயருக்குத் தேங்காயெண்ணெய்

பழைய நாட்குறிப்புகளை அண்மையில் வருட வாரியாக அடுக்கினேன். அவற்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் எண்ணெய்க்கறை படிந்திருக்கிறது. அன்று நான் எழுதியது ஒரே வரி: ‘டயர். என் பிழை.’ ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம்; வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட மாதம். அந்த வரியின் விவரம் இது.

அப்போது நான் மலாயாவில், கூலாய் ஊருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி. ஆபீஸில் கடிதம் எழுதுவதும் தட்டச்சு செய்வதும் கோப்பு வைப்பதும் என் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு ரப்பரைப் பற்றி நிறையத் தெரியும் என்று ஒரு நினைப்பு இருந்தது. வந்த புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் எழுத்து விடாமல் படித்திருந்தேன். ஆனால் ஒரு மரத்தைக்கூட நான் வெட்டிப் பால் எடுத்ததில்லை.

தோட்டத்து மோட்டாரை ஓட்டியவர் சேலம் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். லாரியில் சாமான் ஏற்றும் வேலையில் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே ஓட்டப் பழகி, பழைய துரையின் காலத்தில் டிரைவர் ஆனவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வண்டி புறப்படும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எந்தப் பாகம் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு அவரிடம் மதிப்பு வந்தது அதனால் அல்ல. அவர் டயர் கழுவுவதைப் பார்த்துத்தான்.

எங்கள் தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், செம்மண் பாதை; நடுவே ஓர் இறக்கம், அதன் அடியில் ஆற்றுப் பாலம். ஒருமுறை போய்வந்தால் நான்கு டயர்களும் செங்கல் நிறமாகிவிடும். மற்றத் தோட்டங்களில் வாளித் தண்ணீரை வீசி ஊற்றுவதோடு சரி. இவர் டயருக்கென்று தனி வாளி வைத்திருந்தார். முதலில் குத்தவைத்து உட்கார்ந்து, கூர்மையாகச் சீவிய மூங்கில் குச்சியால் பள்ளங்களில் சிக்கிய கற்களை ஒவ்வொன்றாக எடுப்பார். பிறகு சவுக்காரத் தண்ணீரும் தேங்காய் நாரும். தரையில் படிந்திருக்கும் பகுதிக்கும் கை போக வேண்டுமே. அதற்காக வண்டியை அரைச்சுற்று முன்னே தள்ளி மறுபடி தேய்ப்பார். டயரின் பக்கத்தில் புடைத்து நிற்கும் எழுத்துகளை அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அவற்றின் சந்துகளில் ஒரு பொட்டு மண் இருக்க விடமாட்டார்.

கழுவியதை வெயிலில் காய வைக்க மாட்டார். கொட்டகை நிழலில்தான் காய வேண்டும். அதன் பிறகுதான் பூச்சு. அந்தப் பூச்சு கடையில் வாங்கியதல்ல. நல்ல ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை நறுக்கி, பெட்ரோல் ஊற்றிய கண்ணாடிப் புட்டியில் நான்கைந்து நாள் ஊறப் போடுவார். அது கரைந்து கஞ்சிபோல ஆனதும் விளக்குப் புகையில் படிந்த கரியைத் துணியில் சலித்துக் கலப்பார். கம்பளித் துணியில் தொட்டு, பக்கங்களில் மட்டும், ஈரம் பட்டது போல மெல்லியதாக ஒரு பூச்சு. காய்ந்ததும் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒட்டும் பிசுக்குப் போக, டியூபுக்குப் போடும் வெள்ளைப் பொடியைத் தூவி, துடைக்கும் துணியில் கறுப்பு வராத வரைக்கும் துடைப்பார்.

“பூசறது ஒண்ணும் பெரிசில்லைங்க கிராணியாரே, தொடைக்கிறதுதான் வேலை” என்பார்.

மாதக் கணக்கில் அந்தப் பூச்சு நின்றது. நான் தேதி குறித்து வைத்துப் பார்த்ததால் சொல்கிறேன். மழைக்குப் பிறகு சேறு காய்ந்தால் கையால் தட்டியே உதிர்க்கலாம். ஆனால் அதில் பளபளப்புக் கிடையாது. கரும்பலகை போல ஒரு அடக்கமான கறுப்பு.

அந்த அடக்கம்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. பழைய துரை ஊருக்குப் போய்விட்டார். புதிய துரைக்குத் தன் முந்திய தோட்டத்திலிருந்து டிரைவரைக் கூட்டிவர எண்ணம் இருந்தது. ‘திங்கட்கிழமை ஜொகூர் பாருவுக்கு இங்கே இருக்கிறவனோடு போய்வருகிறேன், பிறகு முடிவு சொல்கிறேன்’ என்று என்னிடம் சொல்லிவிட்டார். முடிவு பாதகமானால் வேலையும் போகும்; பங்களாவுக்குப் பின்னால் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் நம் டிரைவர் இருந்த வீடும் போகும். நான் அவரிடம் இதைச் சொன்னேன். அவர் “ஓட்டிக் காட்டுவோம், வேற என்னங்க பண்றது” என்றார். முகம் மட்டும் சுருங்கிவிட்டது.

ஞாயிறு காலை வண்டியைக் கழுவி வைத்துவிட்டு, பெட்ரோல் டின் வாங்க அவர் லாரியில் கூலாய்க்குப் போனார். நான் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். வண்டியின் உடம்பெல்லாம் கண்ணாடியாக மின்னியது. டயர்கள் மட்டும் மந்தமாகத் தெரிந்தன. புதிய துரை சப்பாத்துப் பளபளப்பைக்கூடக் குனிந்து பார்க்கிறவர். நண்பருக்கு ஒரு உதவி செய்வோம் என்று வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்து வந்தேன். பழைய வேட்டித் துணியில் தோய்த்து, நான்கு டயர்களுக்கும் பக்கம், ஓரம், ரோட்டில் படும் இடம் என்று பாக்கி இல்லாமல் பூசினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. பூசி முடித்து எட்ட நின்று பார்த்தபோது, அபிஷேகம் முடிந்த விக்கிரகம் போல இருந்தன. எனக்கே பெருமையாக இருந்தது.

நாலு மணிக்கு அவர் வந்தார். டின்னை இறக்கிவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். அதிர்ச்சியில் மலாய்ச் சொல்தான் வந்தது.

“அலமாக்! யாருங்க இது?”

“நான்தான் பூசினனான். எப்பிடி மினுங்குது பாத்தீரே!”

அவர் குனிந்து ஒரு விரலால் டயரைத் தொட்டார். விரலோடு கறுப்புப் பிசின் நூல் நூலாக வந்தது. அவருடைய மூன்று பூச்சும் எண்ணெயில் இளகிக் கூழாகியிருந்தது.

“பால் வெட்டுற பொம்பளைங்க கையில ரப்பர் ஒட்டிக்கிட்டா எதப் போட்டுங்க எடுக்கறாங்க?”

எனக்குத் தெரியும். தினமும் மத்தியானம் பார்க்கிற காட்சிதான். “தேங்காயெண்ணெய்…” என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

“அதத்தான் நீங்க வண்டிக்குப் போட்டிருக்கீங்க. அது கூடப் பரவால்ல. ரோட்டுல படுற எடத்துலயும் தடவியிருக்கீங்களே! நாளைக்கு மழையில அந்த இறக்கத்துல எறங்கினா, பாலத்துல நிக்காது. ஆத்துலதான் போய் நிக்கும். தொரை தொப்பிய நான் நீந்திப் போயி எடுக்கணும்.”

கோபத்தில் அவர் சொன்னது அவ்வளவுதான். புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், காலி. புதிதாகக் கரைக்க நான்கு நாள் வேண்டும். சவுக்காரம் போட்டுத் தேய்த்தார். எண்ணெய் இடம் மாறியதே தவிரப் போகவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டார்.

“அந்தச் சீயக்கா டப்பாவ எடுத்தா! அக்கம்பக்கத்துலயும் கேட்டு வாங்கிட்டு வா!”

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்தாறு பெண்கள் கையில் சீயக்காய்ப் பொட்டலங்களோடு வந்துவிட்டார்கள்.

“என்னண்ணே, தொரை மோட்டாருக்கு இன்னிக்குத் தலைமுழுக்கா?”

“எண்ணெ தேச்சு விட்டது கிராணி ஐயாவாம்டி! அவுக வீட்டு அக்காவுக்குக்கூட இப்படித் தேச்சு விட்டிருக்க மாட்டாக.”

“ஐயா, சாம்பிராணியும் போட்டுருவமா?”

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தே இருந்தேன். சீயக்காயை வெந்நீரில் குழைத்து அப்பி, ஊறவிட்டு, நாரால் தேய்த்து, அலசி, மறுபடி அப்பி… மூன்று தரம். வண்டியை அரைச்சுற்றுத் தள்ளும்போது பெண்களும் கை கொடுத்தார்கள். பொழுது சாயும் நேரத்துக்கு எண்ணெயும் போயிற்று; பழைய பூச்சும் முழுதாகப் போயிற்று. டயர்கள் திட்டுத் திட்டாகச் சாம்பல் பூத்து, வெறுமையாக நின்றன. ஏதாவது கரியைத் தொட்டுத் தடவலாமா என்று கேட்டேன்.

“வேணாங்க. பொய்யா ஒரு கறுப்பு எதுக்கு? சுத்தமா இருக்கு. பிடிமானம் இருக்கு. போதும்” என்றார்.

தன் வேலை ஊசலாடுகிற நேரத்தில் ஒருவர் இப்படிச் சொன்னதை அன்று முழுதாக நான் உணரவில்லை. துரையின் கண்ணில் படப்போவது டயரின் நிறம். பிடிமானம் கண்ணில் படாது. இருந்தும் அவர் பிடிமானத்தையே பார்த்தார்.

திங்கள் காலை மழையோடுதான் விடிந்தது. துரை வண்டியைச் சுற்றி வந்து, டயர்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பின்னால் ஏறினார். கடிதப் பையோடு நான் டிரைவர் பக்கத்தில். இறக்கம் வந்தது. செம்மண் வெண்ணெயாக வழுக்கியது. கீழே கைப்பிடி இல்லாத பலகைப் பாலம். அதன் கீழ் ஆறு நிரம்பி ஓடியது. அவர் முதல் கியருக்கு மாற்றி, பிரேக்கை மிதிக்காமல், எந்திரத்தின் இழுவையிலேயே இறக்கினார். ஒரு இடத்தில் பின்பக்கம் ஒரு சாண் நகர்ந்தது; உடனே டயர் மண்ணைப் பற்றிக்கொண்டது. பலகைகள் தடதடக்க அக்கரை ஏறினோம். நான் கடிதப் பையை மார்போடு அணைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பெரிய ரோட்டில் ஏறியதும் துரை தோட்டத்துத் தமிழில் கேட்டார்: “டிரைவர், வண்டியிலே என்ன வாசனை? சமையல் மாதிரி?”

“டயர்ல எண்ணெ பட்டிருச்சு தொரை. கழுவிட்டேன்.”

“யாரு போட்டது?”

“வண்டி என் பொறுப்பு தொரை.”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வேலையைக் காப்பாற்ற என் பெயரை ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பூசியது நான் என்றும், ஏன் பூசினேன் என்றும், கழுவிய கதையையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். சீயக்காய் என்றால் என்ன என்று துரை கேட்டார். பெண்கள் தலைக்குத் தேய்ப்பது என்றேன். பின் இருக்கையிலிருந்து சிரிப்பு வெடித்தது. தெப்ராவ் தாண்டும்வரை விட்டு விட்டுச் சிரித்தார்.

மாலை ஆபீஸுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கடிதம் சொன்னார். அவருடைய முந்திய தோட்டத்து டிரைவருக்கு மூன்றே வரி: இங்கே இடம் காலியில்லை, வர வேண்டாம், வருத்தப்பட வேண்டாம். தட்டச்சு செய்து நீட்டினேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “அந்த இறக்கத்தில் இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. டயரை அவன் பார்த்துக்கொள்ளட்டும். நீர் கடிதத்தைப் பாரும்” என்றார்.

கொட்டகைக்கு ஓடினேன். அவர் செம்மண் ஏறிய டயருக்கு முன் குத்தவைத்து, மூங்கில் குச்சியால் கல் எடுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். குச்சி நின்றது. தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்தத் துடைப்பு முடியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“சரிங்க கிராணியாரே” என்றார் கடைசியில். “இனிமே நான் கூலாய்க்குப் போனா, கொட்டகைய பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிட்டுத்தான் போவேன்.”