தொட்டியருகே பேசக் கூடாது

மாலை நாலே முக்காலுக்குப் பள்ளி வேன் வந்தது. என் மகள் அதில் இல்லை. யாரோ ஒரு தோழியோடு கடைத்தெருவில் இறங்கிவிட்டதாக ஓட்டுநர் சொன்னார். தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்துவிட்டு, வேறு வழி தெரியாமல், அவள் ஆசைப்பட்டு வாங்கிய நீலச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஈரம் காயாத அதில் அவுரிச் சாயத்தின் புளித்த இலை வாசனை இருந்தது.

மணலூர்பேட்டையின் ஆற்றோரச் சாயப்பட்டறையில் என் அம்மா வேலை செய்தாள். பள்ளி விட்டதும் அங்கேதான் போவேன். தரையில் புதைத்த தொட்டிகளையும், அவற்றில் மிதக்கும் செம்புநிற நுரையையும், அம்மாவின் முழங்கை வரை ஏறிய நீலத்தையும், பச்சையாக வெளிவரும் துணி காற்றுப் படப்பட நீலமாவதையும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். தொட்டியருகே பேசினால் சாயம் கெட்டுவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள்.

“வாய மூடிக்கினு உக்காரு, தொட்டி கோவிச்சிக்கும்” என்பாள் அம்மா.

வகுப்பில் யார் அடித்தார்கள் என்பதைக்கூட அவளிடம் சொல்லாமல் வளர்ந்தேன். இப்போது அந்தப் பட்டறை இருந்த இடத்தில் மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். பயந்தால் எனக்கு இன்றும் பேச்சு வராது.

ஆறு பத்துக்கு ஷேர் ஆட்டோவில் மகள் வந்து இறங்கினாள். நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னாம்மா, என் கூட வந்தவள அவ வூட்ல அவங்கம்மா அந்தத் திட்டு திட்டுனாங்க. நீயும் ரெண்டு திட்டு திட்டேன்மா.”