பாஷைக்குச் சம்பளம்

யுத்தம் முடிந்து சில வருடங்களில் கற்பிட்டிக் களப்புக்குப் பட்டம் கட்டிக்கொண்டு ஓடும் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஆளையே இழுத்துக்கொண்டு போகிற பெரிய துணிப்பட்டம் அது. அதை இடுப்பில் மாட்டி, காலில் பலகையோடு தண்ணீரின்மேல் வழுக்கிப் போவார்கள். அதுவரை கருவாடும் வெங்காயமும் விற்ற எங்கள் முதலாளி, தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றையும் விற்கலாம் என்று மற்றவர்களுக்கு முன்னே மோப்பம் பிடித்துவிட்டார். களப்போரம் எட்டு ஓலைக் குடில்கள் எழும்பின.

அங்கே வரவேற்பு மேசையில் இருந்த பெண் நான். யுத்தத்துக்குள் வன்னியிலிருந்து இந்தக் கரையிலுள்ள மாம்புரிக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்ததில் கொஞ்சம் ஆங்கிலம் ஒட்டியிருந்தது. முதலாளிக்கு ஆங்கிலத்தில் ‘வெல்கம்’ மட்டும்தான் வரும். மிச்சமெல்லாம் என் வாயால் போய் வரவேண்டும்.

பட்டம் பழக்குவதற்கு ஊர் ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களோடு ஒரு வெள்ளைக்காரர். நாலு பேருக்கும் ஒரே வெயில், ஒரே வேலை. ஆனால் வெள்ளைக்காரரின் சம்பளம் மற்ற மூன்று பேருடைய சம்பளத்தையும் கூட்டினால் வருவது. மூவரில் மூத்தவர் ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பத்து ஆள் அவர்.

“அவனுக்குப் பாஷை இரிக்கி. அதோட ஊர உட்டுட்டு வந்திரிக்கான்” என்றார் முதலாளி.

“நாங்களும் ஊர உட்டுட்டுத்தானே வந்தோம், முதலாளி?”

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். சம்பளம் மட்டும் அசையவில்லை.

அடுத்த சீசனுக்கு அந்த வெள்ளைக்காரர் வரவில்லை. பிரான்சிலிருந்து வேறொருவரைப் பேசி எடுத்தோம். கடிதப் போக்குவரத்தெல்லாம் நான்தான். சம்பளம் பழைய வெள்ளைக்காரருக்குக் கொடுத்ததுதான் என்று முதலாளி சொன்னார், நான் எழுதினேன். அவர் அனுப்பிய படத்தில் முக்கால்வாசி வானமும் பட்டமும். கீழே ஆள் ஒரு புள்ளியாக இருந்தார்.

புத்தளத்திலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கிய மனிதர் நல்ல உயரம். எங்கள் எல்லோரையும்விடக் கறுப்பு. கையில் செவ்விளநீரோடு நின்ற முதலாளி, அவருக்குப் பின்னால் ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். வேறு யாரும் இறங்கவில்லை.

“பிரான்ஸ்காரன் எங்க புள்ள?”

“இவர்தான், முதலாளி.”

“பிரான்ஸ்ல வெள்ளையன் முடிஞ்சு போனானா?”

கதிரையில் உட்காரவைத்து இளநீர் குடிக்கக் கொடுத்துவிட்டு, முதலாளி என் பக்கம் சாய்ந்தார்.

“அந்தச் சம்பளம் வெள்ளையனுக்குத்தான். இவருக்கு நம்மட ஆக்கள்ட சம்பளம் காணும். ஆனா அப்பிடிச் சொல்லிராத. யாவாரம் டல்லுண்டு சொல்லு.”

எனக்கு எங்கிருந்து அந்தக் குரங்குப்புத்தி வந்ததோ தெரியாது. ஒரு சொல்லும் விடாமல் அப்படியே மொழிபெயர்த்தேன், “அப்பிடிச் சொல்லிராத” என்பதையும் சேர்த்து. சொல்லி முடித்த பிறகுதான் வேலை போய்விடுமோ என்ற நினைப்பே வந்தது. பிரான்ஸ்காரரோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முதலாளியும் கூடவே சிரித்தார். யாவாரம் டல் என்பதற்கு ஒருவர் இவ்வளவு சிரிப்பாரா என்று அவருக்குள் ஒரு சந்தேகம் ஓடியிருக்கவேண்டும்.

வெள்ளைக்காரருக்கு ஏன் கூடுதல் சம்பளம் என்று பிரான்ஸ்காரர் கேட்டார். முதலாளி பழைய விடையைத்தான் சொன்னார். பாஷைக்கு.

“சரி,” என்றார் அவர். “அப்படியென்றால் ஊர்ச் சம்பளத்துக்கு ஊர்ப் பாஷையில் பழக்குகிறேன்.”

பகிடி என்று நினைத்தேன். இல்லை. இரண்டு நாள் சமையல் குசினி வாசலில் நம் ஆட்களோடு பிளேன்டி குடித்தபடி பாடம் கேட்டார். இழு, விடு, குனி, எழும்பு, பயப்படாத. மூன்றாம் நாள் ஒரு சுவிஸ் தம்பதியைக் களப்புக்குள் இறக்கினார். ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடையாது.

“உடு! உடு!” என்று நம் ஆட்களைப் போலவே கத்தினார். புருஷன் இன்னும் இறுக்கிப் பிடித்தார். காற்று அவரைத் தரதரவென்று இழுத்துப்போய் ஆழமில்லாத சேற்றில் குந்தவைத்தது. மனைவி கெட்டிக்காரி. பத்து நிமிடத்தில் ‘இழு’வும் ‘உடு’வும் பிடிபட்டுவிட்டன. சேற்றில் இருந்த புருஷனைப் பார்த்து, “பயப்படாத!” என்று அவர் கூவியது கரைவரைக்கும் கேட்டது.

பழக வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், முதலாளி இறங்கி வருவார் என்பது எங்கள் கணக்கு. அது பிழையாய்ப் போனது. அந்தத் தம்பதி இதைக் குடிலின் தனிச்சிறப்பு என்று எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் மற்றவர்களுக்கும் பெருமையாகப் புளுகினார்கள். அடுத்த நாள் தமிழில் பழக வேறு நாலு பேர் வரிசையில் நின்றார்கள். முதலாளிக்கு முகமெல்லாம் பல்.

“பாத்தியா புள்ள! நல்ல யோசன!”

அப்போதுதான் மன்னார்க்காரர் பலகையைத் தோளில் வைத்தபடி வந்து முன்னால் நின்றார்.

“முதலாளி, பாஷைக்குத்தானே கூடச் சம்பளம்?”

“ஓம்.”

“இப்ப ஆக்கள் கேக்குறது இந்தப் பாஷைதானே? அவருக்கு இதுல மூணு நாள் சர்வீஸ். எங்களுக்குப் பொறந்ததுல இருந்து சர்வீஸ். அதையும் கொஞ்சம் பாருங்க.”

முதலாளி உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்து, பிரான்சுக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதியை எடுத்து, சம்பளம் எழுதியிருந்த இடத்தை விரலால் காட்டினேன். “நீங்க சொல்லித்தான் எழுதினனான், முதலாளி.”

மனிதர் கெட்டவர் இல்லை. காசென்றால் கை இறுகும், அவ்வளவுதான். பின்னேரம்வரை வெங்காயத் தோட்டப் பக்கம் போய் நடந்துவிட்டு வந்தார். பிறகு பிரான்ஸ்காரருக்கு எழுதியபடியே கொடுக்க ஒப்புக்கொண்டார். மற்ற மூவருக்கும் கூட்டிக் கொடுத்தார். அப்போதும் அது பிரான்ஸ்காரரின் பாதியைத் தொடவில்லை. அடுத்த சீசனில் இன்னும் கொஞ்சம் ஏறியது. அதற்கடுத்த சீசனில் வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். அவருக்கு ஒரே பாய்ச்சலில் ஏற, இடைவெளி பழையபடி விரிந்துகொண்டது.

இவ்வளவு கூத்திலும் என் சம்பளத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. பாஷைக்குச் சம்பளம் என்றால் அங்கே முதல் ஆள் நான்தானே? கேட்டேன்.

“நீ நிழல்ல இருந்து கதைக்கத்தானே செய்ற, புள்ள?” என்றார்.

அந்த வருடம் முடிய, புத்தளத்தில் ஒரு தங்கும் விடுதிக்கு வேலை கேட்டுப் போனேன். எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டார்கள். நாளை சொல்கிறேன் என்று வெளியே வந்து, எனக்கு முன்னர் அந்த மேசையில் இருந்த ஆணுக்கு என்ன கொடுத்தார்கள் என்று வாசலில் நின்ற வான் ஓட்டுநரிடம் விசாரித்தேன். அவர் தெரிந்து வைத்திருந்தார். அதற்குமேல் கொஞ்சம் வைத்து அடுத்த நாள் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். இன்னும் கூட்டிக் கேட்டிருக்கலாம் என்று வீடு வரும்வரை மனம் அரித்துக்கொண்டே இருந்தது.