துரைக்குக் கொடுத்த கதிரை

அன்று நான் ஏன் எழுந்தேன்? யாரும் எழச் சொல்லவில்லை. மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் போத்தல்களைக் கழுவிக் கவிழ்க்கும்போதும் மூன்று வாரமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 

நான் மரத்தக்காளி ஜாம் செய்து விற்கிறேன். உயர்தரம் வரை படித்து, பாலர் பாடசாலையில் கற்பித்து, மகள் பிறந்ததும் வேலையை விட்டவள். கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். நானும் மகளும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அம்மாவோடு இருக்கிறோம். என் ஜாம் உடப்புசல்லாவையில் இரண்டு கடைகளில் மட்டும்தான் போகிறது. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில், சிறுதொழில் செய்பவர்களைப் பெரிய நிறுவனங்களோடு சந்திக்க வைக்கும் கூட்டம் இருக்கிறது என்றார்கள். பெயர் கொடுத்தேன்.

ஒரு வாரம் வீடியோக்கள் பார்த்துத் தயாரானேன். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், அரை நிமிடத்தில் தன்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மகளை எதிரே உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தேன். அவள் ஜாம் கேட்டு அழுதாள்.

கூட்டத்தன்று அவளுக்கு லேசாகக் காய்ச்சல். போவதா வேண்டாமா என்று வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். அம்மா கொழுந்து பறிக்கப் போகாமல் அவளைப் பார்த்துக்கொண்டார்.

ஹோட்டலில் வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். மேசைக்கு ஒரு நிறுவனத்தார், எதிரே ஒரு கதிரை. பத்து நிமிடம் பேசலாம். மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். மூன்றாவது மேசையில், கொழும்பில் சில ஹோட்டல்களுக்குப் பொருள் வாங்கும் ஒரு பெண் இருந்தார். ஒரு கரண்டி ஜாமை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"புளிப்பு நல்லாருக்கே. சீனிய அள்ளிக் கொட்டாம செஞ்சிருக்கீங்க. மாசத்துக்கு எத்தன போத்தல் தரலாம் உங்களால?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்ல வாயெடுத்தபோது எங்கள் தோட்டத்துத் துரை மேசையருகே வந்தார். தோட்டத்தை நடத்தும் மேலாளர் அவர். அவருடைய ஜீப் வந்தால் நாங்கள் பாதையோரம் ஒதுங்கி, அது போகும்வரை நிற்போம். அன்று விருந்தினராக வந்திருந்தார். அந்தப் பெண்ணை அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது.

நான் எழுந்துவிட்டேன். கதிரையையும் அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நோ, நோ, நீங்க இருங்க" என்றார்.

"பரவால்லங்க சேர். நீங்க உக்காருங்க சேர்."

உட்கார்ந்தார். "எந்தத் தோட்டம்?"

"நம்ம தோட்டந்தாங்க சேர். கீழ் டிவிசன்."

"ஆ, குட், குட்" என்றவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, பங்களாவுக்கு வரும் வெள்ளைக்காரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் போத்தலை இரண்டு கைகளாலும் பிடித்தபடி கதிரைக்குப் பின்னால் நின்றேன். அந்தப் பெண் இரண்டு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சிரித்தேன். மணி அடித்தது. அந்தப் பெண் தன் கார்டை என் கையில் வைத்து, "கால் பண்ணுங்க, என்ன?" என்றார். அதன்பிறகு நான்கு மேசைகளில் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்கு என் வருத்தமே புரியவில்லை.

"தொரை நிக்க, நீ குந்திக்கிட்டு இருப்பியாக்கும்? நல்ல காரியந்தான் செஞ்ச."

"அது தோட்டத்து ஆபீசு இல்லம்மா. அங்க அவரும் நானும் ஒண்ணு."

"ஒண்ணா? காலையில பெரட்டுக்கு வந்து, வேல பிரிக்கிற எடத்துல சத்தமா சொல்லு பாப்போம்."

கணவர் தொலைபேசியில் சிரித்தார். "கதிரய குடுத்த, சரி. கரண்டியயும் கையில குடுத்து ஊட்டி விட்டுட்டு வந்திருக்கலாமே?" நானும் சிரித்தேன். பிறகு, மகள் கூப்பிடுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தக் கார்டில் இருக்கும் எண்ணுக்கு இன்னும் அழைக்கவில்லை. மகளுக்குச் சளி, லயத்தில் சிக்னல் இல்லை, அந்தப் பெண் சாப்பிடும் நேரமாக இருக்கும் என்று தினமும் ஒரு காரணம். அவர் மனதில் இருப்பது ஜாம் செய்கிற ஒருத்தியா, துரையைக் கண்டதும் எழுந்து நின்ற தோட்டத்துப் பிள்ளையா? நடந்ததை விளக்கினால் புலம்பலாகிவிடும். விளக்காமல் போத்தல் கணக்கைச் சொன்னால், யார் பேசுவது என்றே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

அம்மாவிடம் வேறு யோசனை இருக்கிறது. "தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. ஒடனே எடுத்துக்குவாங்க." உண்மையாகவும் இருக்கலாம். மகளை வைத்துக்கொண்டு ரோஷம் பார்க்க முடியுமா என்றும் நினைக்கிறேன். ஆனால் அப்படி வரும் ஓடர் என் ஜாமுக்காக வந்ததா, துரையின் சொல்லுக்காக வந்ததா என்று ஒவ்வொரு மாதமும் யோசித்துக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மகள் தூங்கும் நேரத்தில் மேட்டுக்கு ஏறி, சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து பேசுவதாக இருக்கிறேன். இப்படித் தாமதமாக யாரையாவது அழைத்து வேலை கேட்டவர்கள் இதை வாசிக்கிறீர்களா? முதல் வாக்கியமாக என்ன சொன்னீர்கள்? துரையிடம் போவது தவறில்லை என்று நினைத்தால் அதையும் சொல்லுங்கள். தயவுசெய்து எழுதுங்கள்.