சால்மன் முட்டையிடும் ஆற்றில் பிளாஸ்ரிக் மாலை

ஒக்ரோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பார்க்கப் போனோம். காரணம் என் மகள் ஆரணி. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். "அப்பா, இவ்வளவு வருசம் ஸ்காபரோவிலை இருக்கிறியள். மீன் ரின்னுக்கு வெளியிலை ஒரு சால்மனையாவது கண்டிருக்கிறியளோ?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள். நான் ஓ.எல். சோதனையோடு படிப்பை முடித்தவன். ஆனாலும் இது மானப் பிரச்சினை என்பது விளங்கியது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செப்ரெம்பர் கடைசி தொடங்கி ஒக்ரோபர் நடுப்பகுதி வரை, ஒன்ராறியோ ஏரியில் இருக்கும் பெரிய சால்மன் மீன்கள் ஹைலன்ட் கிறீக் ஆற்றில் எதிர்நீச்சலடித்து ஏறி வந்து முட்டையிடும். நாங்கள் கல்யாண மண்டபத்துக்கும் மரக்கறிக் கடைக்கும் ஓடித்திரிகிற அதே ஸ்காபரோவுக்குள்தான் இது நடக்கிறது. பார்ப்பதற்கு ரிக்கெற் கிடையாது. அதனால்தானோ என்னவோ எங்கள் ஆட்கள் போவதில்லை.

அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து மோர்னிங்சைட் பார்க் பன்னிரண்டு கிலோமீற்றர். காலை ஒன்பதரைக்கு வெளிக்கிட்டோம். வழியில் நான்கு மரக்கறி ரோலும் இரண்டு தேநீரும், பதினொரு டொலர். வரும்போது ஒரு மீனைப் பிடித்துவந்தால் குழம்பு வைக்கலாம் என்று மனைவி சொல்லியிருந்தாள். அங்கே மீனைத் தொட்டாலே அபராதம் என்று ஆரணி விளக்கினாள். அப்படியென்றால் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு மனைவி திரும்பிப் படுத்துவிட்டாள்.

காரை நிறுத்திவிட்டு ஆற்றோரமாகக் கால் மணித்தியாலம் நடக்க வேண்டும். நான் போட்டிருந்தது வெள்ளைச் சப்பாத்து. அதைப் பற்றி இனிப் பேசப்போவதில்லை.

போகும் வழியில் ஆற்றுக்குள் ஒரு பெரிய குழாய் திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை பெய்த மழைத்தண்ணீர் அதிலிருந்து நுரையோடு விழுந்துகொண்டிருந்தது. றோட்டோரக் கம்பி மூடிக்குள் இறங்கும் தண்ணீர் எங்கேயோ ஒரு மெசினுக்குள் போய்ச் சுத்தமாகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம், ஆரணி சொன்னாள். நேரே ஆற்றுக்குத்தானாம். கார் ஒயில், பனிக்காலத்தில் கொட்டும் உப்பு, கார் கழுவிய சவர்க்காரம் எல்லாம் வடிகட்டாமல் மீனின் வாய்க்குள் போகிறது. வீட்டு வரியைக் கூட்டுவதென்றால் வீடு தேடிக் கடிதம் போடுகிற நகரசபைக்கு, இதை ஒரு வரியில் எழுதிப்போட முடியாதா?

பிறகு மீனைக் கண்டோம். முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லாத இடம். என் கை நீளத்தில் ஒரு பெண் மீன் பக்கவாட்டில் சரிந்து, வாலால் அடித்து அடித்துக் கூழாங்கல்லைக் கிண்டிக்கொண்டிருந்தது. வாலின் ஓரமெல்லாம் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. அந்தக் குழியில் முட்டையிட்டு, கல்லால் மூடிவிட்டு, சில நாட்களில் செத்துப்போகுமாம். பின்னால் இரண்டு ஆண் மீன்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. நான் ரோலைக் கடிக்க மறந்து நின்றேன்.

அந்தச் சந்தோசம் ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. மீனுக்கு மேற்புறம், விழுந்து கிடந்த மரக்கிளையில் ஏதோ மஞ்சளாகத் தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால் பிளாஸ்ரிக் மாலை. அதன்கீழ் தேங்காய்ப் பாதிகள், தேசிக்காய், சிவப்புப் பட்டுத்துணி, கண்ணாடி உடைந்த பிள்ளையார் படம், கற்பூரப் பெட்டி. காப்பிக் கப்பும் பியர் ரின்னும் கிடந்தால் மற்றவர்களைத் திட்டலாம். இது யாருடைய சரக்கு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கற்பூரப் பெட்டியில் கடையின் பெயர்கூடத் தமிழில் இருந்தது. மகளுக்கு முன்னால் என் முகம் சிவந்துபோய்விட்டது.

நான் மாலையை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கரைக்கு மேலே பாலத்து றோட்டோரத்தில் ஒரு சாம்பல் நிற வான் வந்து நின்றது. வெள்ளைச் சேலைக்கு மேலே தடித்த ஜாக்கெற் போட்ட ஒரு அன்ரியும், ட்ராக் பான்ற்சுக்கு மேலே வேட்டி கட்டிய அவவின் மகனும் இறங்கினார்கள். மகன் கையில் சாம்பல் வைத்த மண் முட்டி. அன்ரியின் கையில் கடைப் பை. அதற்குள் ஒரு படம், மாலை, தேங்காய். அன்ரியின் கணவர் தவறி முப்பத்தோராம் நாளாம். ஐயர் ஓடுகிற தண்ணீரில் கரைக்கச் சொன்னாராம். மகன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் மீன் கிண்டிக்கொண்டிருந்த இடத்தை நோக்கியே இறங்கினான். கால் வைத்தால் அந்தக் குழி குலைந்துவிடும்.

"தம்பி, உதிலை இறங்காதையுங்கோ," என்றேன். "மீன் முட்டை வைக்குது."

அவன் நின்றான். "அண்ணை, நான் அப்பாவுக்குச் செய்ய வந்திருக்கிறன். உங்களுக்கு மீனோ பெரிசு?"

ஒரு மாதத்துக்கு முன் தகப்பனைப் பறிகொடுத்தவனிடம் என்ன சொல்வது? கையில் ரோல் வேறு. சாம்பலைக் கரைப்பது பிழையில்லை, இடம்தான் பிழை என்று ஏதோ குளறினேன். அவன் இன்னொரு அடி வைத்தான். மீன் விலகி ஓடி, திரும்பவும் அதே குழிக்கே வந்தது.

ஆரணி என்னை விட்டுவிட்டு அன்ரியிடம் போனாள். "அன்ரி, அவ வாலாலை கூடு கிண்டுறா. லைக், இப்பத்தான் வைக்கப்போறா. வைச்சிட்டுச் செத்துப்போவா."

அன்ரி குனிந்து தண்ணீரைப் பார்த்தா. "அப்ப முட்டையை ஆர் பாக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை அன்ரி. கல்லுத்தான் மூடி வைச்சிருக்கும். ஸ்பிறிங்கிலை பனி கரைஞ்சாப் பிறகுதான் குஞ்சு வரும்."

"டேய், ஏறி வா," என்றா அன்ரி மகனிடம். "அப்பாவை வேறை இடத்திலை விடுவம்."

கீழே, பாலத்துக்கு அப்பால் கல் இல்லாத ஆழமான இடம் இருக்கிறது. மகன் முணுமுணுத்துக்கொண்டே நடந்தான். அங்கே சாம்பலையும், நாரில் இருந்து உருவிய பூக்களையும் மட்டும் விட்டார்கள். கடைப் பையை அன்ரி கையிலேயே வைத்திருந்தா. நாங்கள் தள்ளி நின்றோம்.

முடிந்ததும் மகன், "அம்மா, நேரை வானுக்கு நடவுங்கோ. திரும்பிப் பாக்கக்கூடாது எண்டு ஐயர் சொன்னவர்," என்றான். எங்கள் வழக்கம் அது. அன்ரி நான்கு அடி நடந்தா. நின்றா. நன்றாகத் திரும்பி ஆற்றைப் பார்த்தா. பிறகு நான் கரையில் குவித்து வைத்திருந்த மாலையையும் கண்ணாடியையும் துணியையும் பார்த்தா.

"திரும்பிப் பாக்காமப் போய்ப் போய்த்தானே உவ்வளவும் உங்கை கிடக்குது," என்றா.

மகன் வானைத் திறந்து இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளை எடுத்துக்கொண்டு வந்து என்னோடு குனிந்தான். நாற்பது நிமிடம் பொறுக்கினோம்.

போக நினைப்பவர்களுக்கு: காலையில் போங்கள், மழைக்கு அடுத்த நாள் போகாதீர்கள், தண்ணீர் கலங்கி மீன் தெரியாது. காரில்லாவிட்டால் கென்னடி ஸ்டேசனிலிருந்து மோர்னிங்சைட் பஸ், பெரியவருக்கு மூன்று டொலர் முப்பது சதம். பழைய சப்பாத்துப் போடுங்கள். நாயை ஆற்றில் இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். சாம்பல் கரைப்பதென்றால் எங்கே கரைக்கலாம் என்று முதலில் விசாரித்து, கல் இல்லாத ஆழத்தில் சாம்பலை மட்டும் கரையுங்கள்.

கோயில்காரருக்கும் ஒன்று. சாமி படத்தைக் குப்பைத் தொட்டியில் போட எங்கள் சனத்துக்கு மனம் வராது. அதனால்தான் இரவோடு இரவாக ஆற்றில் போடுகிறார்கள். அர்ச்சனைக்கு ரிக்கெற் வெட்ட மூன்று யன்னல் திறக்கிறீர்கள். பழைய படத்தைத் திருப்பி வாங்க ஒரு பெட்டி வைக்கக்கூடாதா? இரண்டு கோயிலில் கேட்டுப் பார்த்தேன். ஒன்றில் கொமிற்றியில் கதைப்பதாகச் சொன்னார்கள். மற்றதில் என் சேறு படிந்த சப்பாத்தைப் பார்த்தார்கள்.

மனைவி மீன் எங்கே என்று கேட்டாள். அந்தக் கண்ணாடி உடைந்த பிள்ளையார் படத்தைத்தான் காட்டினேன். என்னாலும் அதைக் குப்பையில் போட முடியவில்லை. எந்தக் கோயிலாவது பெட்டி வைக்கும்வரை எங்கள் கராஜில், வின்ரர் கார் ரயருக்குப் பக்கத்தில் பிள்ளையார் இருக்கிறார்.