இறக்கமில்லாத மைதானம்

எங்கள் பள்ளி மைதானத்தில் பந்தைக் கீழே வைத்தால் நிற்காது. கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, மெல்ல உருண்டு, வேகம் பிடித்து, கீழே முள்வேலியில் போய் விழும். பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில், உடற்கல்விப் பாடவேளையில் அப்படி உருண்ட ஒரு பந்தின் பின்னால் எங்கள் வகுப்பிலிருந்து ஒருத்தி பாய்ந்து ஓடினாள். வேலிக்கு முன்பே அதை மறித்து எடுத்துக்கொண்டு, இறங்கின அதே வேகத்தில் மேட்டில் ஏறி வந்து, மூச்சு வாங்காமல் நின்றாள். பி.டி. சார் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னையிலிருந்து நீதான் கேப்டன்" என்றார். எந்த விளையாட்டுக்கு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அணி என்று ஒன்று அப்போது எங்கள் பள்ளியில் இருக்கவே இல்லை. ஆனாலும் தலைமையாசிரியர் முதல் சத்துணவு ஆயா வரைக்கும் எல்லோருக்கும் அவள் கேப்டன் ஆகிவிட்டாள். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் காதில் விழும்.

கொல்லிமலையில் சமதரை என்பது அபூர்வம். கொஞ்சம் மட்டமாக ஓரிடம் கிடைத்தால் அதில் நெல் நட்டுவிடுவார்கள். மிஞ்சின சரிவில் மிளகும் பலாவும் மரவள்ளியும். அதிலும் மிஞ்சினதைத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருந்தார்கள் என்று பி.டி. சார் சொல்லிச் சொல்லி மாய்வார். அவர் அடிவாரத்துக்காரர். தினமும் காலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்து, சாயங்கால பஸ்ஸில் இறங்கிப் போவார். வந்து இறங்கினதும் மைதானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு அதே சரிவில் சுண்ணாம்பால் ஓடுதளம் போடுவார். மழை பெய்தால் சுண்ணாம்பு கீழே வழிந்து வேலியோரம் வெள்ளையாகத் தேங்கிக் கிடக்கும். மறுபடியும் போடுவார். கோபக்காரர்தான், ஆனால் சலிக்காதவர்.

ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியாது. அந்த நாட்களில் வகுப்பறைக்குள் பாடம் நடக்கும். மற்ற பள்ளிகளில் இந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் பறித்துக்கொள்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் கணக்கு சாரும் கதவு வரை வந்து பார்ப்பார். பி.டி. சார் இடம் கொடுக்க மாட்டார். உடம்பைச் சூடேற்றாமல் ஓடினால் தசைக்கு என்ன ஆகும், மூச்சை எங்கே இழுக்க வேண்டும், ஓடி முடித்ததும் ஏன் உட்காரக் கூடாது, மணிக்கட்டில் நாடி எங்கே துடிக்கும் என்று சொல்லிக்கொண்டே போவார். நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்போம். கேப்டன் சிரிக்க மாட்டாள். அடுத்த ஒரு வாரத்துக்கு அவள் கையில் சிக்காத மணிக்கட்டு கிடையாது. சத்துணவு ஆயாவைப் பிடித்து நிறுத்தி நாடி பார்த்தாள். கணக்கு சாரே ஒரு நாள் கையை நீட்டிவிட்டார். "கொஞ்சம் வேகமா இருக்குதுங்க சார். படி ஏறி வந்தீங்களா?" என்று அவள் கேட்டதும் அவர் கூச்சத்தோடு தலையாட்டியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பிளஸ் டூ வந்தபோது அவளுக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. சார் படித்ததையே தானும் படிக்க வேண்டும், உடற்கல்விக் கல்லூரியில் சேர வேண்டும். அவளுடைய அப்பாவுக்குக் கொஞ்சம் மிளகுக் காடு உண்டு. மிளகுப் பருவத்தில் மற்றவர்கள் காட்டிலும் ஏணி போட்டு ஏறிப் பறிக்கப் போவார். அக்கா ஏற்கெனவே திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். இவளும் பரீட்சை முடிந்ததும் அங்கேதான் போவாள் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. சார் ஒரு மாலை தன் பஸ்ஸை விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் பேசப் போனார். வழி காட்ட நானும் கூடப் போனேன். அப்பா நல்ல மரியாதையோடு பாய் விரித்து உட்கார வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"ஏனுங்க சார், ஓடறதுக்கு எதுக்குங்க காலேஜு? எங்க ஊட்டு வெள்ளாடு என்னமா ஓடுது! அது எந்தக் காலேஜுல படிச்சுதுங்க?"

சார் பாவம், சிரித்துவிட்டார். சிரித்த பிறகு வாதாட முடியவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்து அப்பாவே இறங்கி வந்தார். "செரிங்க, மலையேறி வந்து சொல்றீங்க. இந்தத் தொடர் ஓட்டமோ என்னமோ சொன்னீங்களே, அதுல ஜில்லாவுல மொதல்ல வந்தா காலேஜுக்கு அனுப்பறேன். இல்லீன்னா அவ அக்கா கூடப் போவட்டும். சொன்ன வார்த்த மாற மாட்டேனுங்க." அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. மகள் தெரிந்த கம்பெனியில், அக்காவின் கண் பார்வையில் இருக்கட்டும் என்று நினைத்தவர். அதனால்தான் அவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

தொடர் ஓட்ட அணியில் பிளஸ் ஒன் பிள்ளைகள் இரண்டு பேர், நான், கடைசியாகக் கேப்டன். ஆளுக்கு ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். வட்டாரப் போட்டி அடிவாரத்தில் நடந்தது. அவ்வளவு பெரிய சமதரையை நாங்கள் நால்வரும் அதற்கு முன் பார்த்ததில்லை. கேப்டன், ஓடும்போது கைக்குக் கை மாற்றும் பேட்டன் கட்டையை மெதுவாகத் தரையில் வைத்துக் கையை எடுத்தாள். அது வைத்த இடத்திலேயே கிடந்தது. "அட, அங்கயே கெடக்குது பாரு!" என்றாள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஓட்டம் தொடங்கியது. முதல் பிள்ளை எல்லோருக்கும் முன்னால் வந்தாள். கடைசி வளைவைத் தாண்டி நேர்கோட்டுக்கு வந்ததும், மற்றவர்கள் உயிரைக் கொடுத்து ஓடும் இடத்தில், இவள் உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை ஊன்றி, தத்தித் தத்தி வந்தாள். இரண்டாவது பிள்ளையும் அதே இடத்தில் அப்படியே. நான் ஓடும்போது நன்றாகத்தான் ஓடுகிறேன் என்று நினைத்தேன், கூட்டம் சிரித்தது. கேப்டனும் அங்கே வந்ததும் சாய்ந்தாள். "ஏன் இந்தப் புள்ளைங்க ஊடு வந்துட்டாப்புல நிக்குதுங்க?" என்று ஓர் அம்மாள் சத்தமாகக் கேட்டது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. இரண்டாவதாக வந்தோம். அங்கிருந்து இரண்டு அணிகளை எடுத்ததால் மாவட்டப் போட்டிக்குத் தப்பிப் பிழைத்தோம்.

திரும்பும் பஸ்ஸில் சார் எங்கள் ஓட்டத்தை விரலால் காற்றில் வரைந்து வரைந்து பார்த்துக்கொண்டு வந்தார். பாதி மலை ஏறியதும் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். "அட புள்ளைங்களா, நாலு பேரும் ஒரே எடத்துல பிரேக் போடறீங்க! அது நம்ம பலா மரத்து எறக்கம்!" என்றார். அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. எங்கள் ஓடுதளத்தில் பலா மரத்தைத் தாண்டினால் முடிவுக் கோடு வரைக்கும் ஒரே இறக்கம். அங்கே காலை விரட்ட வேண்டியதில்லை, அடக்கத்தான் வேண்டும். அடக்காவிட்டால் வேலிக் கேட்டைத் தாண்டி ரோட்டில் போய்த்தான் நிற்போம். எங்களுக்குத் தெரியாமலே கால்கள் அதைப் பழகி வைத்திருந்தன.

இப்போது நான் சேலத்தில் இருக்கிறேன், தபால் அலுவலக வேலை. காலையில் பூங்காவில் நடக்கிறேன். வழவழவென்று கல் பதித்த வட்டப் பாதை, மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஊஞ்சல்களைத் தாண்டிக் கடைசித் திருப்பத்துக்கு வரும்போது என் உடம்பு தானாகக் கொஞ்சம் பின்னால் சாய்கிறது. கூட நடப்பவர்கள் முழங்கால் வலியா என்று விசாரிக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். மற்றதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

வட்டாரப் போட்டிக்கு மறுநாள் காலை, சார் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கேப்டன் அங்கே நின்றாள். "சார், எதிர்ப்பக்கமா ஓடலாங்க. கடைசில மேடு வாரட்டும்." இடது கை உட்பக்கம் இருக்கும்படி ஓடுவதுதான் விதி என்று சார் தயங்கினார். "விதி போட்டியிலதானுங்க சார். இங்க நம்ம காலுக்குத்தான பாடம்" என்றாள். அவர் சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு போய் முடிவுக் கோட்டை மேட்டின் உச்சியில் போட்டார். அன்றிலிருந்து எங்கள் ஓட்டம் மூச்சு முட்டும் ஏற்றத்தில் முடிந்தது. முன்னால் குனியாவிட்டால் ஓர் அடிகூட நகராது. தொடை நடுங்கும். பனியில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல், வரும் காலடிச் சத்தத்தைக் கேட்டே பேட்டனுக்குக் கையை நீட்டுவோம். கேப்டனைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சத்தம்தான்.

மாவட்டப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளோடு பெற்றோர் ஒருவர் வர வேண்டும் என்றார்கள். எல்லோர் வீட்டிலும் சாமை அறுவடை. கடைசியில் கேப்டனின் அப்பாதான் வேட்டியும் துண்டும் மஞ்சள் பையுமாகக் கிளம்பி வந்தார். இறங்கும் வழியெல்லாம் பிளஸ் ஒன் பிள்ளைகள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். அன்றைக்கு ஓட்டம் முடியும்போது அவளுடைய அடுத்த சில வருஷங்கள் எங்கே என்று தெரிந்துவிடும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் அதைப் பேசவில்லை.

அந்த நாள் நாங்கள் ஓடியதுபோல் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. கடைசி நேர்கோட்டில் யாரும் சாயவில்லை. நான் இரண்டாவதாக வந்து கேப்டன் கையில் பேட்டனைக் கொடுத்தேன். அவள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போனவளை நெருங்கினாள். கடைசியில் மேடு ஏறுவதுபோல் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். இருவரும் சேர்ந்தே கோட்டைத் தாண்டியதாகத்தான் எனக்குத் தெரிந்தது. நடுவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு கை நீளத்தில் இரண்டாவது என்றார்கள். எனக்குத் திருப்பூர் என்ற ஊரின் மேலேயே வெறுப்பு வந்தது.

ஓடி முடித்த பிள்ளைகள் அங்கங்கே தரையில் விழுந்து கிடந்தார்கள். அம்மாக்கள் ஓடி வந்து விசிறினார்கள், தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். நானும் உட்காரப் போனேன். கேப்டன் என் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காராத. நட." மற்ற இருவரையும் அப்படியே எழுப்பினாள். அழுதுகொண்டே நடந்தோம். அவள் அழவில்லை. "மூச்ச மூக்குல இழுத்து மெல்ல உடுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றிருந்தார். யார் முதல், யார் இரண்டாவது என்பது சார் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்டது வேறு.

"எல்லாப் புள்ளைங்களும் படுத்துக் கெடக்குதுங்க. நீங்க மட்டும் எதுக்குச் சாமி வெயில்ல சுத்தறீங்க?"

"சட்டுனு உக்காந்தா தல சுத்துமுங்கப்பா. ஓடறப்ப நெஞ்சு வேகமா அடிச்சு காலுக்கு ரத்தத்த அனுப்புது. காலு ஆடிக்கிட்டு இருந்தாத்தான் அது மேல திரும்பும். நின்னுட்டா காலுலயே தங்கிரும், கண்ணு இருட்டும். மெல்ல நடந்தா நெஞ்சும் மெல்ல எறங்கும்."

அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "நானு நாள் பூரா மொளகு பறிச்சுட்டு, ஏணிய உட்டு எறங்கி அப்படியே குந்துனா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. உங்கம்மா பித்தம்னு கசாயம் வெக்கறா. அதும் இதுதானா?"

"இதாவும் இருக்கலாம். கையக் குடுங்கப்பா."

வேலிக் கம்பி வழியாக அவர் கையை நீட்டினார். மிளகுக் கறை ஏறிய மணிக்கட்டில் அவள் விரல்களை வைத்தாள். என் கைக்கடிகாரத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அவர் பள்ளிப் பிள்ளைபோல் அசையாமல் நின்றார். "இப்ப நல்லாத்தான் இருக்குதுங்க. எதுக்கும் ஆஸ்பத்திரில ஒருக்காக் காட்டிரலாம். இனிமே எறங்குனதும் குந்தாதீங்க, கொஞ்சம் நடங்க."

"இதெல்லாம் அந்தக் காலேஜுல சொல்லிக் குடுப்பாங்களா?"

"ஆமாங்கப்பா. எலும்பு, தசை, மூச்சு, எப்ப என்ன திங்கறது, அடிபட்டா என்ன பண்றது, எல்லாந்தான். ஓடறது அதுல கொஞ்சந்தானுங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் அடிவாரத்தைத் தாண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கியது. சார் முன் இருக்கையில் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்களை வீடு சேர்க்கத்தான் அந்த நேரத்திலும் கூட வந்தார். கேப்டனும் நானும் அவருக்குப் பின்னால் இருந்தோம். அப்பா கடைசி இருக்கையிலிருந்து எழுந்து, கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து சார் பக்கத்தில் நின்றார்.

"சார், அந்தக் காலேஜு எந்த ஊருலீங்க இருக்குது?"

சார் சட்டென்று திரும்பினார். அவருக்கு நம்ப முடியவில்லை. "நாமதான் தோத்துட்டமுங்களே" என்றார்.

"அது ஓட்டத்துலங்க" என்றார் அப்பா.

சார் ஊர்ப் பெயரைச் சொன்னார். மைதானத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கேப்டன் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள். அப்பா பதறிப்போனார். குனிந்து அவள் தலையில் கையை வைத்தார்.

"என்னத்துக்குச் சாமி அழுவற? அந்த ஊருக்கு பஸ்ஸு போவாதா என்ன?"